படத்தில் விழுந்த கை

கண்ணு,

போன வாரம் நீ என் போனுக்கு ஒரு படம் அனுப்பிவிட்டு, கீழே ஒரே ஒரு வரி கேட்டிருந்தாய். "அம்மா, குறுக்க ஒரு கை நீட்டிக்கினு இருக்குதே, அது யாரு?" அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்பதை அந்த இரண்டு நீலக் கோடு உனக்குக் காட்டிக் கொடுத்திருக்கும். மறுநாள் நீ போன் செய்தபோது சிலிண்டர் வரவில்லை, மோட்டார் ஓடவில்லை என்று என்னென்னவோ பேசி வைத்துவிட்டேன். நீயும் கல்யாண வேலையில் விட்டுவிட்டாய். என்னால்தான் விட முடியவில்லை. அடுப்பில் வைத்த பால் வழிந்து அணைகிறது. துணி துவைக்கக் கல்லுக்குப் போனால் சோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், போனில் எழுத்து எழுத்தாக அழுத்தி இவ்வளவும் சொல்ல எனக்கு வராது. நேரில் பேசினால் நீ ஒரு வார்த்தை குறுக்கே கேட்பாய், நான் அங்கேயே நின்றுவிடுவேன். அதனால் நீ விட்டுப்போன நீள நோட்டில் எழுதுகிறேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டில் தபால் உறை வாங்கி, உன் விலாசத்தை முதலிலேயே எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கை என்னுடையது. அதை முதலில் சொல்லிவிட்டால் மீதியைச் சொல்லத் தைரியம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் படம் உன் வசந்தா அத்தையின் கல்யாணத்தில் எடுத்தது. தலை குனிந்து உட்கார்ந்திருப்பது அத்தை. பின்னால் கழுத்துக்கிட்ட முடிச்சுப் போடும் விரல்கள் அத்தை வீட்டுக்காரர், உன் மாமாவுடையவை, உனக்கு அவர் முகம்கூட நினைவிருக்காது. பாதிப் படத்தை வெள்ளையாக, கலங்கலாக மறைத்துக்கொண்டு இருப்பது நான். படம் திருத்துவதுதான் உன் வேலை என்பதால், அந்தப் போனிலேயே நீ, "அந்தக் கையைக் கம்ப்யூட்டர்ல எடுத்துட்டு, பிரேம் போட்டு அத்தைக்குக் குடுத்துடறேன்மா, என் கல்யாணத்துக்கு வர்றப்ப ஆச்சரியமா இருக்கட்டும்" என்றாய். கண்ணு, அதை மட்டும் அவசரப்பட்டுச் செய்துவிடாதே. இதை முழுக்கப் படி.

அந்தக் கேமரா நம் வீட்டுக்கு வந்தது தொண்ணூற்று மூன்றில். உனக்கு அப்போது ஒரு வயது. உன் அப்பா திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தார், அந்த இடம் இப்போது செல்போன் கடை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த ஒரு பெரியவருக்குப் படம் எடுக்கப் போனவர், திரும்பி வரும்போது கழுத்தில் ஒரு தோல் உறையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். "பதிலுக்கு இன்னா குடுத்தீங்க?" என்று கேட்டேன். வெறும் விரலை ஆட்டிக் காட்டினார். கல்யாண மோதிரம். நான் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "இன்னாமே மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற, இப்படி வா, இதுல ஒரு தபா பாத்துட்டு அப்புறம் திட்டு" என்று கூப்பிட்டு, அதன் சின்ன ஜன்னலில் என் கண்ணை வைத்தார். நடுவில் ஒரு மங்கலான கட்டம். அதற்குள் எதிர்வீட்டு முருங்கை மரம் இரண்டாகத் தெரிந்தது. லென்ஸைத் திருப்பத் திருப்ப ஒரு மரம் நகர்ந்து வந்து இன்னொரு மரத்தின் மேல் உட்கார்ந்தது. "ஒண்ணாச்சா? ஆச்சின்னா அமுக்கு." அமுக்கினேன். சத்தமே இல்லை. அலுத்துக்கொள்ளும்போது நாக்கைத் தட்டுவோமே, அவ்வளவுதான். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஸ்டுடியோ கேமராவில் நாம் லென்ஸ் வழியாகத்தான் பார்ப்போம். இதில் லென்ஸ் ஒரு இடம், நாம் பார்க்கும் ஜன்னல் வேறு இடம். உன் அப்பாவுக்கு அதுதான் பிடித்தது. பெரிய கேமராவில் அமுக்கும்போது உள்ளே ஒரு கண்ணாடி எகிறி மறைத்துவிடுமாம். எந்த நொடியை எடுக்கிறோமோ அந்த ஒரு நொடி மட்டும் எடுப்பவனுக்கு இருட்டு. "இதுல அது இல்லமே. அமுக்கறப்பகூட நீ என்னையே பாத்துக்கினு இருக்கிறத நான் பாத்துக்கினு இருப்பேன்" என்பார். கட்டத்துக்கு வெளியே யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதும் ஜன்னலில் தெரியும், அதனால் ஆள் உள்ளே வருவதற்குக் காத்திருந்து எடுப்பார். லென்ஸ் கேமராவைவிடப் பழசு. உள்ளே ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி கொஞ்சம் பூசணம் இருந்தது. சுத்தம் செய்யலாமே என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதற்கு இவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே ஆளை நிறுத்தினால் முடியின் ஓரமெல்லாம் வெளிச்சம் சிந்தும். முகத்தில் தழும்பு இருந்தால் தெரியும், ஆனால் அது மட்டுமே தெரியாது. "புது லென்ஸு போலீஸ்காரன் மாதிரி பாக்கும். இது நம்ம ஊட்டாளு மாதிரி பாக்கும்" என்பார். ஆறு மாதம் முன்னால் நீ அந்த லென்ஸைக் கழற்றி, ஏதோ வளையம் வாங்கி உன் புதுக் கேமராவில் மாட்டிவிட்டு, "இன்னான்னு தெரிலம்மா, இதுல எடுத்தா மூஞ்சி மூஞ்சியா இருக்குது" என்று சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் பேச்சு உனக்கு யாரும் சொல்லாமலே வந்திருக்கிறது. அதே மூச்சில் "பாடி மட்டும் வேஸ்ட்டும்மா, அப்பாவே ஷட்டர் சிக்குதுன்னு சொல்வாருல்ல, யாருக்காவது குடுத்துடலாம்" என்றாய். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

கல்யாண வேலைக்கு அவர் போகும்போது உன்னை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நானும் கூடப் போவேன். பை தூக்குவது, பிலிம் எடுத்துக் கொடுப்பது, ஃபிளாஷுக்கு பேட்டரி பார்ப்பது எல்லாம் நான்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு சட்டம். "கேமரா உன் கையில இருந்தா மூடி லென்ஸ் மேல இருக்கணும். கேமரா என் கையில இருந்தா மூடி உன் கையில இருக்கணும்." கறுப்பாக, இட்லித் தட்டின் ஒரு குழி அளவுக்கு ஒரு தகர மூடி. இந்தக் கேமராவுக்கு அது எவ்வளவு முக்கியம் என்றால், ஸ்டுடியோ கேமராவில் மூடி போட்டிருந்தால் பார்க்கும்போதே இருட்டாக இருக்கும், உடனே தெரிந்துவிடும். இதில் மூடி போட்டிருந்தாலும் ஜன்னல் பளிச்சென்று இருக்கும். மாப்பிள்ளை தெரிவார், பெண் தெரிவாள், எல்லாம் தெரியும். பிலிமில் மட்டும் ஒன்றும் விழாது.

வசந்தா கல்யாணம் விழுப்புரத்தில், மாப்பிள்ளை ஊரில். தங்கச்சி கல்யாணம் என்பதால் வேறு ஆளை விடாமல் உன் அப்பாவே எடுத்தார். வீடியோ வைக்கவில்லை. கூட்டப் படமெல்லாம் ஸ்டுடியோ கேமராவில் கலரில் எடுத்துவிட்டு, முகூர்த்தத்துக்கு மட்டும் இந்தக் கேமராவில் கறுப்பு வெள்ளை போட்டார். தன் கையாலேயே கழுவிப் பார்க்கலாம் என்று ஆசை. வசந்தா மணவறைக்குப் போகும்முன் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லு, என் மூக்கு பெருசா விழாம எடுக்கணும்."

"மூக்கு எவ்ளோ பெருசோ அவ்ளோதான் விழும்" என்றார் உன் அப்பா. "பழைய லென்ஸு, பொய் சொல்லாது."

"பாத்தியா அண்ணி, கல்யாணத்தன்னிக்குக்கூட பேஜாரு பண்ணுது."

முகூர்த்தம் நெருங்கும்போது ஃபிளாஷ் மங்கிவிட்டது. பேட்டரி மாற்றக் கேமராவை என் கையில் கொடுத்தார். பன்னீர்ச் செம்பை ஆட்டிக்கொண்டு ஒரு அம்மா எங்கள் பக்கம் வந்தார்கள். லென்ஸ் நனையக் கூடாது என்று உடனே மூடியைப் போட்டேன். சட்டப்படி சரி. அதே நேரம் திடீரென்று கெட்டிமேளம். "ஜல்தி, ஜல்தி குடு" என்று என் கையிலிருந்து கேமராவைப் பறித்துக்கொண்டு போய்க் கண்ணில் வைத்தார். மூடி என் கையில் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை, நானும் அட்சதை போடுகிற அவசரத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஃபிளாஷ் அடிக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று. போட அரிசி எடுக்கும்போதுதான் என் உள்ளங்கை வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். திரும்பினால் லென்ஸ் மேல் கறுப்பாக மூடி. கூட்டத்துக்குள் புகுந்து, கீழேயிருந்து கையை விட்டு, பிடுங்கினேன். அந்த நொடியில் அவர் அமுக்கினார். எல்லாப் பக்கமும் கை, எல்லாப் பக்கமும் தோள். கண்ணை ஜன்னலிலிருந்து எடுக்காமலே, "யாருப்பா அது, இடிக்காதீங்க!" என்று கத்தினார். நான் பின்னால் வந்துவிட்டேன். மூடியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அதற்குள் முடிச்சு விழுந்து, கூட்டம் அவர்களை மறைத்துவிட்டது.

அன்றைக்கே, மண்டபத்திலேயே, சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு திட்டு விழுந்திருக்கும். உன் தாத்தா முறைத்திருப்பார். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும், கழுவட்டும், ஒன்றிரண்டு விழுந்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவர் ஸ்டுடியோவிலிருந்து வந்தார், கையெல்லாம் மருந்து வாடை. வசந்தாவும் அவள் மாமியாரும் மறுவீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். "தாலி கட்டுறது விழல" என்றார். "ஷட்டர் சிக்கிக்கிச்சி. என் தப்பு." என்னைப் பார்க்காமல் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். அந்தச் சொம்பை இந்த ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வசந்தா அழுதாள். மறுபடி தாலியைப் பிடித்து நிற்கச் சொல்லி எடுக்கலாமா என்று இவர் கேட்டதற்கு, கட்டின தாலியை விளையாட்டுக்குத் தொடுவார்களா என்று அவள் மாமியார் சத்தம் போட்டார்கள். அதோடு போனது. போயிருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது வருடம் உன் மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். சாவு வீட்டில் அவரைப் பெற்ற அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "தாலி கட்டுனது படத்துலகூட விழலியே, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுதே!" ஊரே ஆமாம் என்றது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை, 'மூடி', அதைச் சொன்னால் போதும். சாவு வீட்டில் எப்படிச் சொல்வது என்று உன்னை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். பந்தலுக்கு அந்தப் பக்கம் உன் அப்பா நின்று என்னையே பார்த்தார். தண்ணீர் வேண்டுமோ என்று நினைத்துப் போய்ச் சொம்பைக் கொண்டுவந்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார். வேறு எதற்காகப் பார்த்தார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போதும், நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்து பார்த்தாரா, சொல்லித் தொலையேன் என்று பார்த்தாரா, எனக்குத் தெரியவில்லை. அவரைக் கேட்கவும் முடியாது.

அதற்குப் பிறகு அது ராசியில்லாத கேமரா ஆகிவிட்டது. யார் கல்யாணத்துக்கும் அவர் அதை எடுத்துப் போகவில்லை. நமக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை உன்னைக் குளிப்பாட்டி வாசலில் நிறுத்தி எடுத்தாரே, நீ மல்லாட்டையை உடைத்துக் கடலையைத் தின்றுவிட்டுத் தொலியைக் காதில் மாட்டிக்கொண்டு சிரிப்பாயே, அதெல்லாம் அந்தக் கேமராதான். ஷட்டர் சிக்குகிற கேமராவில் அத்தனை வருடம் ஒரு படமாவது சிக்கியதா? நீ ஒரு நாளும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்காத மாதிரி இருந்துவிட்டேன். அவரை நான் எடுத்த ஒரே படமும் அதில்தான், இப்போது மாலை போட்டு மாட்டியிருக்கிறோமே, அது. இரண்டு உருவமும் ஒன்றாவதற்குள் அவசரப்பட்டு அமுக்கிவிட்டேன். அவர் முகம் லேசாகக் கலங்கி இருக்கும், பின்னால் இருக்கும் சைக்கிள் மணி மட்டும் அப்படியே பளிச்சென்று இருக்கும். துக்கம் கேட்க வந்த ஒருவர் மாலைக்குக் கீழே உற்றுப் பார்த்துவிட்டு, "மணி நல்லா விழுந்துகீது" என்றார். போன தை மாதம் ஆஸ்பத்திரியில் அவருக்குக் குடிக்க டீ வாங்கக் கீழே இறங்கினேன். ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது. பெரிய கேமராவைப் போல, அந்த ஒரு நொடி மட்டும் எனக்கு இருட்டு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அந்த பிலிம் துண்டு எங்கே கிடைத்தது என்று அதே போனில் நான் கேட்டபோது நீ சாதாரணமாகச் சொன்னாய். "அப்பா பெட்டிலதாம்மா. மத்ததெல்லாம் கட்டா இருந்துச்சு. இது மட்டும் தனியா ஒரு கவர்ல. மேல அப்பா எழுத்துல 'வசந்தா, கழுவ வேண்டாம்'னு போட்டிருந்துச்சு." பிரிண்ட் போடுவதைக்கூட அவர் கழுவுவது என்றுதான் சொல்வார். போனை வைத்ததும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்குத் தெரியும். மருந்திலிருந்து பிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோதே தெரிந்திருக்கும். வரிசையாக ஒன்றும் விழாத கட்டங்கள், அப்புறம் என் விரல்கள், விரல்களுக்கு நடுவில் வட்டமாக மூடி. என் கை அவருக்குத் தெரியாதா? அத்தனை வருடம் அவர் தனக்குத் தெரியும் என்பதை என்னிடம் மறைத்தார், நான் அவருக்குத் தெரியாது என்று நினைத்து மறைத்தேன். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு. முதல் நாள் அழுதேன். மறுநாள் அவர் படத்துக்கு முன்னால் நின்று சண்டை போட்டேன். தாலி கட்டும் படம் ஒன்று விழுந்திருக்கிறது, பாதியாவது விழுந்திருக்கிறது. என்னைக் காப்பாற்ற, கூடப் பிறந்தவளுக்கு அதைக் காட்டாமல் கவரில் போட்டு வைத்தீர்களே, அவளைப் பேசினதெல்லாம் உங்கள் காதில் விழவில்லையா என்று கேட்டேன். சைக்கிள் மணிதான் பளபளவென்று என்னைப் பார்த்தது.

அதற்கப்புறம் உட்கார முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டேன். விக்கிரவாண்டியில் வேக வைத்த மல்லாட்டை விற்றார்கள், ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். வெறும் கையோடு போக மனசு வரவில்லை. வசந்தா தையல் மிஷினில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணி, சொல்லாம கொள்ளாம? கல்யாண வேலையெல்லாம் யாரு பாக்கறது?"

"உனக்கு மல்லாட்டை."

"பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்ச அப்புறம் வாங்கியாந்துகீறியே." சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தாள். நான் போனைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தாள். முதலில் யார் கல்யாணம் என்றே தெரியவில்லை அவளுக்கு. விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். அவள் கால் மிஷின் பலகையிலிருந்து இறங்கியது.

"இது அவரு வெரலு."

"ஆமா."

"படம் விழலன்னுதான சொன்னீங்க?"

"ஒண்ணு விழுந்துச்சு வசந்தா. குறுக்க இருக்கிற கை என்னுது. கையில இருக்கிறது லென்ஸு மூடி. நான் எடுத்துக் குடுக்க மறந்துட்டேன். அதான் மத்ததெல்லாம் விழல. வேற ஒண்ணுமே இல்ல. ராசி, சகுனம், எதுவும் இல்ல."

"மூடியா?" என்றாள். மறுபடி, "ஒரு மூடியா அண்ணி?" அப்புறம் குரல் ஏறியது. "அந்தம்மா சாவுற வரைக்கும் என்னை இன்னான்னு கூப்ட்டுச்சு தெரியுமா? படம் விழாத தாலிக்காரி. கீரை விக்கிறவகிட்டகூட சொல்லும். நானே நம்பிட்டேன். என்னாலதான் அவரு போனாருன்னு நானே நம்பிக்கினு இருந்தேன். ஒரு மூடிக்காடி?" இத்தனை வருடத்தில் அவள் என்னை ஒரு தரம்கூட 'டி' போட்டுப் பேசியதில்லை. நான் வாங்கிக்கொண்டேன். "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். செத்தவருக்கு ஒரு பெயராவது மிஞ்சியிருக்கும். "தெரியும். கவர்ல போட்டு கழுவ வேணாம்னு எழுதி வச்சிருந்தாரு."

"அப்ப ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது, மூடிய சத்தம் வெகு நேரம் கேட்கவில்லை. போவதா இருப்பதா என்று தெரியாமல் நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எனக்குத் தண்ணீர் கொண்டு வரவில்லை. போனைக் கேட்டு வாங்கினாள்.

"பையன் அந்தக் கைய கம்ப்யூட்டர்ல எடுத்துட்டு உனக்குத் தரேன்னு சொல்றான்" என்றேன்.

"எடுக்கச் சொல்லு. உன் கை எனக்கு வேணாம்."

"சரி."

"எடுத்தா பின்னாடி அவரு மீதி வெரலும் தெரியுமில்ல?"

நீ எனக்கு விளக்கிச் சொன்னதை நான் அவளிடம் சொன்னேன். கைக்குப் பின்னால் இருந்தது பிலிமிலேயே விழவில்லை, பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நீயேதான் நிரப்பிப் போடுவாய் என்று.

"அப்ப அது அவரு வெரலு இல்ல."

"இல்ல."

போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தொட்டாள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல். "மூணு இருக்குது. போதும்" என்றாள். "உன் கையும் கெடக்கட்டும். எடுக்க வேணாம்னு சொல்லு." அப்புறம், என்னைப் பார்க்காமல், "மூக்கு பெருசா விழக்கூடாதுன்னு நான்தான கேட்டேன். சரியா மூக்கு மேல வச்சிகீற" என்றாள். அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்டேன். "தெரில. நீ போ, பஸ்ஸு போயிடும்." மல்லாட்டைப் பொட்டலம் மிஷின் மேல் அப்படியே இருந்தது, எடுத்துக்கொண்டு போவதா என்று பார்த்தேன். "அத எங்க எடுக்கிற? வச்சிட்டுப் போ" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இரண்டு நாளாக இருக்கிறேன்.

கண்ணு, நீ ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தப் போகிறாய். எனக்குச் சொல்லத் தெரிந்தது இது ஒன்றுதான். நீ பார்க்கும் ஜன்னல் பளிச்சென்று இருக்கிறது என்பதால் எல்லாம் சரியாக விழுகிறது என்று நம்பிவிடாதே. தப்பு செய்தால் பந்தியிலேயே சொல்லிவிடு, வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று தள்ளாதே. அவள் ஏதாவது தப்பு செய்து உனக்குத் தெரிந்துவிட்டால், கவரில் போட்டு எழுதி வைக்காதே. "இது உன் கைதானே" என்று கேட்டுவிடு. உன் அப்பா கேட்டிருந்தால் நான் அன்றைக்கே விழுப்புரம் ஓடியிருப்பேன். அவர் என்னை நோகடிக்கக் கூடாது என்று நினைத்தார். அவர் மேல் எனக்கு இப்போதும் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தோடேயே அவர் படத்துக்குப் பூ வைக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அந்தப் படத்தைப் பெரிதாகக் கழுவு. என் கையைத் தொடாதே. நீயே விழுப்புரம் போய், இந்தக் கடிதத்தையும் அத்தைக்குப் படித்துக் காட்டிவிட்டு, படத்தைக் கொடுத்துக் கல்யாணத்துக்கு அழைத்து வா. வந்தால் வருவாள், வராவிட்டால் அது அவள் நியாயம். அப்புறம் அந்த லென்ஸைக் கழற்றிப் பழைய பாடியிலேயே மாட்டு. அதன் ஷட்டர் ஒரு நாளும் சிக்கியதில்லை. உன் முகூர்த்தத்துக்கு நாலு படமாவது அதில் எடுக்க ஏற்பாடு செய். தாலி கட்டும்போது என்னையும், வந்தால் வசந்தாவையும் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். நாங்கள் ஓரமாக நிற்கமாட்டோம், படம் எடுப்பவர் பக்கத்தில் நிற்போம். அன்றைக்கு இடுப்பில் செருகிய மூடியை நான் என் துணிப்பெட்டியின் அடியில்தான் வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன். எடுப்பவரிடம் நீ ஒன்று சொல்லி வை. ஜன்னலில் கண்ணை வைக்கும்முன் திரும்பி என் கையைப் பார்க்க வேண்டும். நான் விரித்துக் காட்டுவேன். மூடி அதில் இருந்தால் மட்டும் அமுக்கட்டும்.

அம்மா